படித்துறை மாதிரி

கும்பகோணத்தில் காவிரிக்கரையில் புதிதாக வந்த ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு மகள் என்னை அழைத்துப் போனாள். ஆற்றுப் படித்துறை மாதிரியே கருங்கல் படிகள். நீந்திவிட்டுக் கரையேறும்போது, பழக்கதோஷத்தில் துண்டை நனைத்துக் கடைசிப் படியில் நாலு அடி அடித்துத் துவைத்துவிட்டேன்.

காவலர் விசில் ஊதினார். குளமே திரும்பிப் பார்த்தது.

"சார், இங்க துவைக்கக் கூடாதுங்க. தண்ணி அழுக்காயிடும்."

"ஏம்ப்பா மானத்த வாங்குறீங்க?" என்றாள் மகள்.

படி என்று கட்டிவைத்தால் துவைக்கத்தானே தோன்றும்! முணுமுணுத்தாலும், உடம்பு கூசியது. மதிலோரம் போய்த் துண்டைப் பிழிந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், நான் நீந்தக் கற்ற அசல் படித்துறை. குளிக்க ஆளே இல்லை. எங்கள் தெருச் சாக்கடை அந்தப் படி வழியாகத்தான் காவிரியில் விழுகிறது. இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் எங்களைப் பார்த்து விசில் ஊதியதில்லை.