வளைவில் மட்டும் கேட்ட சத்தம்

நேராக ஓடும்போது ஒன்றும் கேட்காது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்குத் திரும்பும்போதுதான் காரின் பின்பக்கத்தில் ஏதோ கடகடவென்று உருளும். காருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். அந்த வயதில் ஒரு சத்தமும் வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று விட்டிருப்பேன். விடாததற்குக் காரணம் என் மனைவி.

எனக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை நடந்து, திரும்பவும் கார் ஓடலாம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் என்னைத் தனியே விட்டதில்லை. கிளினிக்குக்கு, சந்தைக்கு, நுகேகொடையில் மகள் வீட்டுக்கு என்று எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் இருப்பாள். மூன்று மாதமளவில் ஒரு நாள், வரவில்லை என்றாள்.

"அந்தச் சத்தம் எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் போங்கோ."

அதன் பிறகு நான் காரில், அவள் பஸ்ஸில். ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிட்ட இரண்டு பேர் மகளின் வாசலில் தனித்தனியே போய் இறங்குவோம். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து சீட் வெறுமையாக இருக்கும்போதுதான் நெஞ்சு படபடத்தது. சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் ஏறிவிடுவாள் என்று நம்பினேன்.

கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாக என் கார்களைப் பார்க்கும் முஸ்லிம் மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார். பின் ஷொக் அப்சோபரை மாற்றினார். சத்தம் போகவில்லை. ரப்பர் புஷ்களை மாற்றினார். போகவில்லை. ஸ்பெயார் டயரையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிட்டு ஓடிப் பார்த்தோம். அப்போதும் உருண்டது. நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். மனுஷன் கோபிக்கவில்லை.

"சேர், நீங்க ஓட்டுங்க. நான் டிக்கிக்குள்ள படுத்துக் கேக்குறேன்" என்றார்.

அறுபது வயதுக்காரர், டிக்கிக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே சுருண்டு படுத்தார். ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஒடுங்கிய தெருக்களில் நடைவேகத்தில் ஓட்டினேன். ஆளைக் கடத்துகிறேனோ என்பதுபோல் சனம் பார்த்தது. மூன்றாவது வளைவில் உள்ளிருந்து தட்டினார்.

டிக்கியின் வலது ஓரத்தில் சாமான் வைக்கும் சின்னக் குழி ஒன்று உண்டு. அதன் அடி துருவேறி உக்கி ஓட்டை விழுந்திருந்தது. உள்மூடியைக் கழற்றிவிட்டு அவர் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்துப் பேப்பரில் வைத்தார். தேசிக்காய்கள். காய்ந்து, கறுத்து, கல்லாகிப் போன பதினொரு எலுமிச்சங்காய்கள். சிலவற்றில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"வீசிடாதீங்க சேர். வீட்டுல கேளுங்க" என்றார்.

எனக்குக் கோயில் குளத்தில் நம்பிக்கையில்லை. கார் வாங்கிய அன்று சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்க வந்தவளை நக்கலடித்து உள்ளே அனுப்பியவன் நான். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் விரித்தேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் கீழ விழுந்திட்டுதோ?"

பிறகு கதிரையில் இருந்தாள். "வெள்ளிக்கிழமையில கோயிலால வரேக்க ஒண்டு கொண்டு வந்து டிக்கியில வைப்பன். அடுத்த கிழமை பாத்தா இருக்காது. நீங்கள் எடுத்து எறியிறீங்கள் எண்டு நினைச்சன்."

"அப்ப, சத்தம்?"

"சத்தத்துக்கு ஆர் பயந்தது? உங்கட உயிருக்கெண்டு வைச்சதை நீங்களே எறிஞ்சா, நான் பக்கத்தில இருந்து என்ன செய்யிறது? அதுதான் உங்களோட காரில வாறதை விட்டிட்டன்."

"நான் எறியேல்லை" என்றேன்.

உண்மைதான். மேசையில் இருந்த பதினொன்றும் எனக்குச் சாட்சி. அவளுடைய முகம் தெளிந்தது. அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் நல்ல பிள்ளையாகத் தப்பியிருப்பேன். ஆனால் அந்தத் தெளிவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"கண்டிருந்தா எறிஞ்சிருப்பன்."

"தெரியும்" என்றாள். "அதுதான் உங்கட கண்ணில படாத இடமாப் பாத்து வைச்சனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பேப்பரை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாளைக்கு மகள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறோம் என்று கேட்டாள்.