பூஜைக்கு வைத்த பம்ப்

கைக்குள் அடங்கும் ஒரு தண்ணீர் பம்ப். அதன் முதுகில் சந்தனம், நடுவே குங்குமம், தலையில் ஒரு செவ்வந்திப் பூ. சரஸ்வதி படத்துக்கு முன்னால், மாமாவின் ஸ்கூட்டர் சாவிக்கும் என் லேப்டாப்புக்கும் நடுவில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்று என் பால்கனியிலும் ஒரு மீன் தொட்டி உண்டு. அதற்கு நான் இரண்டு பம்ப் வாங்கி வைத்திருப்பதற்குக் காரணம் அந்த ஒரு நாள்தான்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கோயம்புத்தூர்க்காரர், மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. கச்சிபௌலியில் ஐ.டி. வேலை கிடைத்து வந்த புதிதில் செகந்திராபாத்தில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மை நெடுக்காக அறுத்து மாமா மீன் வளர்த்தார். பம்ப் அந்தத் தண்ணீரை மேலே உள்ள ஜல்லித் தொட்டிக்கு ஏற்றும். அங்கே தக்காளியும் புதினாவும் சத்தை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மறுபடி மீன்களின் மேல் கொட்டும். அப்படிக் கொட்டினால்தான் மீன்களுக்கு மூச்சு. ஞாயிறு தவறாமல் பம்பைக் கழற்றி, உள்ளே சிக்கிய பாசியையும் வேர் நாரையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பத்தே நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடுவார். "என்னைக்காச்சும் சிங்க்கை இப்படித் தேச்சிருக்கீங்களா?" என்பாள் அக்கா. மாமாவுக்கு அந்த நேரத்தில் மட்டும் காது கேட்காது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. பலகையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். "வருசம் பூரா உழைக்கிற சாமான், ஒரு நாளு ஓய்வு வேண்டாமா அம்மிணி?" என்று அக்காவிடம் சொல்லிப் பம்பையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டார். மகாபுத்திசாலிகள் நாங்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. வடையும் பாயசமும் தின்றுவிட்டுச் சாய்ந்திருந்தபோது மாடியிலிருந்து அக்கா மகள் கத்தினாள். தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்கிற பெண். "நான்னா! சேப்பலன்னி பைக்கி ஒச்சாயி!" அப்பா, மீனெல்லாம் மேலே வந்துவிட்டன என்று அர்த்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தனை மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று ஒருக்களித்தே விட்டது. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். "பம்பை எடுக்க முடியாது, பூசையில இருக்குது. கையிலயே ஊத்துவோம்." ஆபீஸ் புத்தி விடுமா, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நான் ஷிப்ட் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எங்கள் தோள்கள் கழன்றன. மீன்கள் இறங்கவில்லை.

அக்கா மக்கைக் கீழே போட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு மூச்சு முட்டுனா, நாளைக்குக் காலையில வரைக்கும் பொறுத்துக்குங்கன்னு சொல்லுவனா நானு?"

மாமா கீழே போனார். போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே பம்போடு வந்தார். அதை டிரம்மில் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். இரண்டு முறை செருமிவிட்டுத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஒவ்வொன்றாக மீன்கள் அடியில் இறங்கின. ஒருக்களித்த மீன் மட்டும் எங்களை அரை மணி நேரம் சோதித்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு மற்ற மீன்களோடு சேர்ந்துகொண்டது. பாப்பா கை தட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாமியிடம் மன்னிப்புக் கேட்கக் கீழே போவார் என்று நினைத்தேன். மாமா ஈர வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்து, டிரம்முக்குள் குனிந்து, "தப்பு என்மேலதானுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியும் தனக்குக் கிடைக்காத மன்னிப்பு அது என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.