தட்டான் உட்கார்ந்திருந்த கம்பி

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேமரா கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் ஊர் சுற்றுவதற்கு இடம் தேர்ந்தெடுப்பதே பெரிய தகராறு. என் கணவர் செல்வத்துக்கு வானம், எனக்குப் பூச்சிகள். அவருக்கு அமாவாசை இருட்டு வேண்டும். எனக்குச் சாய்ந்த வெயிலும் காற்றில்லாத செடியும் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்கட்டும் என்றுதான், மார்கழி பிறந்து முதல் சனிக்கிழமை மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குக் கிளம்பினோம். இதே மாதிரிப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மதுரையிலிருந்து கோவில்பட்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து காரும் டிரைவரும் சேர்த்து இரவு பத்து மணி வரைக்கும் 2,500 ரூபாய்க்குப் பேசியிருந்தோம். டிரைவர் மாரியப்பன் எட்டயபுரத்துப் பக்கத்து ஆள். அவருடைய சித்தப்பா உளுந்து பிடுங்கி முடித்த நிலம் வெறுமனே கிடப்பதாகவும், நாங்கள் அங்கே தாராளமாக நின்று படம் எடுக்கலாம் என்றும் முன்பே கேட்டுச் சொல்லியிருந்தார். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நிலம் இருக்கும் ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

வழியில் மாரியப்பன் பன்றிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிடுமாம். முன்பெல்லாம் சிலர் மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்துக் கம்பி கட்டினார்கள், ஆள் செத்து போலீஸ் கேஸான பிறகு இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்றார். நான் ஜன்னல் வழியாகக் காற்றாலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்கரை மணிக்கு நிலத்தில் இறங்கினோம். கார் சாலையிலேயே நின்றுவிட்டது. போன வாரம் பெய்த மழையின் ஈரம் கரிசலில் இன்னும் இருந்ததால் சக்கரம் புதைந்துவிடும் என்று மாரியப்பன் உள்ளே வர மறுத்துவிட்டார். முக்கால் கிலோமீட்டர் நடை. செருப்பில் ஒட்டிய மண்ணே ஆளுக்கு அரைக்கிலோ இருக்கும். உளுந்து நிலத்தை ஒட்டி மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அது வேறொருவருடையது. இரண்டுக்கும் நடுவே பொழியில், அதாவது எல்லை வரப்பில், புல்லும் களையும் மண்டியிருந்தன. எனக்கு வேண்டியது அதுதான்.

ஐந்தரை மணி வாக்கில் ஒரு தட்டான் கிடைத்தது. பொழி ஓரமாக முழங்கால் உயரத்தில் ஓடிய ஒரு மெல்லிய கம்பியில், ராத்திரி தங்குவதற்காக உட்கார்ந்திருந்தது. காற்றில் கம்பி ஆடியது. மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவில் ஒரு மயிரிழை ஆடினாலும் தட்டானின் கண் மங்கிவிடும். ஆகவே குப்புறப் படுத்து, இடது கை விரல்களால் கம்பியை ஆடாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் படம் எடுத்தேன். இருபது படங்களில் ஒன்று நன்றாக வந்தது. கண்ணின் ஒவ்வொரு அறையும் தெரிந்தது. செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் முறை. ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. தென்கிழக்கில் தூத்துக்குடி வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததைத் தவிர வானம் சுத்தமாக இருந்தது. இங்கே துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக இருக்கும். கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம்தான். ஒரு கேமராவை அதைப் பார்த்து நிறுத்தித் தொடர்ந்து படம் எடுக்க விட்டார். பனி படியாமல் லென்ஸைத் துடைத்துக்கொள்வது என் வேலை. இரண்டாவது கேமராவோடும் அலுமினிய டிரைபாடோடும் அவர் மக்காச்சோளத்துப் பக்கம் நடந்தார். கிழக்கே திருவாதிரை மேலேறிக்கொண்டிருந்தது. கதிர்களுக்கு மேலே அதை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று நெற்றி விளக்கையும் அணைத்துவிட்டார்.

நான் துண்டை விரித்து உட்கார்ந்து என் கேமராவில் தட்டானை மறுபடி பார்த்தேன். பெரிதாக்கி, கண்ணிலிருந்து சிறகுக்கு, சிறகிலிருந்து ஓரத்துக்குப் படத்தை நகர்த்தினேன். ஓரத்தில் கம்பி கட்டியிருந்த குச்சி தெரிந்தது. குச்சிக்கும் கம்பிக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள்.

அதுவரை ஆட்டு வேலி என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டுக்கு வேலி போடுகிறவர்கள் எதற்கு ரப்பர் சுற்ற வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தேன். மாரியப்பன் காரில் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

“என்னங்க, நில்லுங்க. அப்படியே நில்லுங்க. காலை எடுக்காதீங்க.”

அறுபது அடி தூரத்திலிருந்து “என்ன?” என்றார். கம்பியில் கரண்ட் இருக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் விளக்கைப் போட்டார். அவருக்கு வலப்பக்கம் இரண்டு எட்டில் கம்பி போனது. கொஞ்ச தூரத்தில் களைக்குள் இறங்கி மறைந்தது. வந்த வழியில் எங்கே அதைத் தாண்டினார் என்பது அவருக்கே தெரியவில்லை. தாழ்ந்து கிடந்த இடத்தில் தெரியாமலே, மிதித்துவிடாமல் கடந்திருக்கிறார். காலுக்கடியில் ஈர மண். தோளில் அலுமினியம். நான் எழுந்ததைப் பார்த்துவிட்டு, “நீ வராத. யாரும் வர வேண்டாம்” என்றார்.

மாரியப்பனுக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாக சிக்னல் இருந்தது. கம்பி என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, அண்ணாச்சிய அங்கனயே நிக்கச் சொல்லுங்க. நான் ஊருக்குள்ள போயி ஆளக் கூட்டிட்டு வாரேன்.”

காத்திருந்தோம். செல்வம் டிரைபாடை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கரண்ட் இல்லாமலும் இருக்கலாம், வீணாகப் பயப்படுகிறோமோ என்றார். இருக்கலாம் என்றேன். பேச்சை நிறுத்தினால் பயமாக இருந்ததால் எதையெதையோ பேசினோம், கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தோமா இல்லையா என்பது உட்பட.

சோளத்துக்குள் தட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் இல்லை, பல இடங்களில். எதுவும் மிரண்டு பாய்ந்துவிடக் கூடாதென்று செல்வம் விளக்கை அணைத்துவிட்டார். சத்தம் அவருக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு ஒரு வீறல், சட்டென்று பாதியில் அறுந்தது. ஏதோ கனமாக விழுந்தது. மற்றவை தட்டைகளை முறித்துக்கொண்டு ஓடின. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “இருக்கேன்” என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “பன்றிக்குட்டி” என்றார்.

மாரியப்பன் வர அரை மணிக்கு மேலானது. தூரத்தில் மோட்டார் ரூம் விளக்கு அணைந்தது. “கரண்ட எடுத்தாச்சு, இருந்தாலும் நாங்க வார வரைக்கும் அசையாதீய” என்று அங்கிருந்தே கத்தினார். அவரோடு அந்த மக்காச்சோள நிலத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். நிலத்துக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்புகூடப் போடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கம்பியைத் தூக்கிப் பிடித்துச் செல்வத்தைக் குனிந்து கடக்க வைத்தார். செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சாயங்காலம் அந்தக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலத்துக்காரர் ஆறரை மணிக்குத்தான் சுவிட்ச் போட்டாராம். சோளம் மறைத்ததால் நாங்கள் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

“போன வருசம் பாதிய பன்னி தின்னுட்டு” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “நாங்க என்ன செய்யுதது?”

அவர் மனைவி ஒரு குச்சியைப் பிடுங்கினார். பிறகு அடுத்த குச்சி. நின்று பார்த்துவிட்டு நிலத்துக்காரரும் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். நாங்கள் விளக்குப் பிடித்தோம். அங்கேயே அவர்களிடம் சொல்லிவிட்டேன்: நாளைக்குக் காலையில் மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சொல்லப் போகிறேன், பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பக்கத்தில் கம்பி ஓடுகிறது என்று சொல்வேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாதான், “சொல்லுங்க. இவிய சுவிட்ச எடுக்க மறந்த அன்னைக்கு விடியக்கால மொத ஆளா காட்டுக்கு வாரவ நான்தான்” என்றார்.

கோவில்பட்டியில் தங்கி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் ஃபோனில் புகார் பதிவு செய்து, திங்கட்கிழமை நேரில் போய் இடத்தையும் காட்டிவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். செல்வம் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார், அந்த மனிதருடைய சோளத்தை நினைத்து. நானும் நினைத்தேன். செல்வம் அந்த இருட்டில் நின்றதையும் நினைத்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: டிசம்பர், ஜனவரி வானம் இங்கே அருமை, ஒரு படத்துக்கு 20 விநாடி, கேமராவில் ஐஎஸ்ஓ 3200 போதும். நீங்கள் நிற்கும் நிலத்துக்காரரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது, சுற்றிலும் உள்ள நிலங்களுக்கு உரியவர்களிடமும் நேரில் போய், இன்ன நேரம் வரை இருப்போம் என்று சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே நிற்கப்போகும் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். கம்பி எதுவாக இருந்தாலும், பகலானாலும், தொடாதீர்கள். இருட்டில் நடக்கும்போது விளக்கை அணைக்காதீர்கள். கண் பழகுவதற்கு உட்கார்ந்த பிறகு நேரம் இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு மாரியப்பன் பேசினார். மின்வாரியத்து ஆட்கள் வந்து அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிலங்களில் கம்பியைப் பிடுங்கினார்களாம். நிலத்துக்காரருக்குச் சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

“என்கிட்ட பேசுறதில்லக்கா. பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு” என்றார். “ஆனா ரெண்டு பேருந்தான் ராத்திரி தகரத்தத் தட்டிக்கிட்டு காட்டுக்குள்ள சுத்தி வாராவ. அவரு முன்னால போறாரு, அந்தம்மா பின்னாலயே போறாவ.”