மாரி அண்ணனோட தே தாரிக்

இன்னைக்குக் காலையில கெலாங் பாத்தாவுல என் கடையில, கை எட்டுற உயரத்துல இருந்து தே தாரிக்குக்குப் பால் தேத்தண்ணியை ஆத்தினேன். ஒரு சொட்டு கீழ சிந்தல.

சிரிக்காதீங்க. மூணு மாசமா இந்தக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நெஞ்சு வேற படபடன்னு அடிச்சுக்கும்.

தப்பு என்னோடதுதான். தைராய்டு மாத்திரையைத் தினமும் கடையோட முதல் கிளாஸ் தேயில முழுங்கிட்டு இருந்தேன். பாலோட போட்டா மாத்திரை உடம்புல சரியா சேராதாம். ரத்தத்தைப் பார்த்துட்டு, பத்தலன்னு டாக்டர் அளவைக் கூட்டினாரு. அப்புறம் மருந்து கவுண்டர்ல இருக்கிற பொண்ணு, "வெறும் வயித்துல தண்ணியில போடுங்கக்கா"ன்னு சொல்லுச்சு. போட்டேன். கூட்டின அளவு மொத்தமா உடம்புல சேர்ந்து, கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு.

கடைசியில டாக்டர்கிட்ட தே விஷயத்தைச் சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டு, அளவைக் குறைச்சாரு.

இன்னைக்கு ஆறு மணிக்கு லோரி ஓட்டுற மாரி அண்ணன் வந்தாரு.

"கோப்பி ஓ தானேண்ணே?"

கிளாஸ் கழுவிக்கிட்டிருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு.

"இல்லம்மா, தே தாரிக் குடு. கறுப்புக் கோப்பி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

மூணு மாசமா அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிச்சாரு அந்த மனுசன். நான் ஆத்த வேணாம்னு.

இப்ப மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு என் தேயை நானே குடிக்கக்கூடாது. அதனால ஆறு மணிக்கு வர்றவங்க சீனி சரியான்னு சொல்லிட்டுப் போங்கலா. மாரி அண்ணன் சொல்றதை மட்டும் நம்ப முடியாது.