சீனச் சம்பந்தி தந்த வெண்கலச் சட்டி

பேத்தியின் மாமியார் சீனப் பெண்மணி. கலியாணப் பரிசாக ஒரு வெண்கலச் சட்டி தந்தார். பழங்காலப் பூசைச் சட்டியைப் பார்த்து வார்த்தது. மூன்று கால், இரண்டு காது. வயிற்றில் முழிக் கண்ணும் கொம்புமாய் ஒரு முகம், கீழ்த்தாடையே இல்லை.

என் மகள் அதைச் செருப்பு, சப்பாத்து வைக்கும் அலுமாரிக்குள் ஒளித்துவிட்டாள். அன்று மத்தியானம் சம்பந்தி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவிருந்தார். சட்டி எங்கே என்று கேட்டால் மானம் போய்விடும். எடுத்துச் சாமியறையில் வைக்கச் சொன்னேன்.

“உந்தப் பேய் முகத்தைச் சாமியறையிலை வைக்கேலாது, அம்மா!”

“கோயில்லை சாமிக்குப் பின்னாலை திருவாசி உச்சியிலை இருக்கிற முகமும் உப்பிடித்தான் முழிக்குது. அதைக் கும்பிடுறாய்தானே?”

“அது வேறை. உதுக்குள்ளை இறைச்சி காய்ச்சினவையாம்.”

“ஆருக்கு?”

“செத்த ஆக்களுக்குப் படைக்க.”

மகள் மச்சமாமிசம் சாப்பிடுவதை விட்டதிலிருந்து, செத்துப்போன தகப்பனுக்குப் படைப்பதும் மரக்கறிதான்.

“அப்ப கொப்பரின்ரை படத்துக்கு முன்னாலை வை. மனுசன் வாழைக்காய் திண்டு அலுத்துப்போயிருக்கும்.”

முறைத்துக்கொண்டே வைத்தாள்.

சம்பந்தி பேத்தியோடு வந்தார். சட்டியையும் படத்தையும் பார்த்தார். மெதுவாகக் குனிந்து வணங்கி, சீனத்தில் ஏதோ சொன்னார்.

“சரியான இடத்திலை வைச்சிருக்கிறியளாம், அம்மம்மா,” என்றாள் பேத்தி.

“நான்தான் வைச்சனான் எண்டு சொல்லு,” என்றாள் என் மகள்.