தொடையில் எழுதிய வாத்தியார்

சுருக்கெழுத்து வாத்தியார் சூசைராஜுக்கு ஒரு வியாதி. யார் பேசினாலும் அவர் சுட்டுவிரல் தானாகத் தொடையில் எழுதத் தொடங்கிவிடும். பிட்மன் பாடத்தை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பலன். ரங்கூனில் பட்டாளத்து ஆட்சி வந்தபின் இந்த விரலை அவர் குடியிருந்த தின்கன்ஜூன் பேட்டையே முறைத்தது. உளவாளியோ என்று பயந்து, பெற்றோர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள்.

ஒருநாள் தேநீர்க்கடை பீர் முகைதீன், வாத்தியாரைப் பர்மியர் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டு, கேட்டேவிட்டார். "சயா, உள்ளதைச் சொல்லுங்க. நாங்க பேசுறது எந்த ஆபீசுக்குப் போவுது?"

"என் லுங்கியோட போவுது, பாய். வெளுக்கப் போட்டா அதுவும் போயிரும்."

கடையே சிரித்தது. மூலையில் இருந்த புது ஆள் மட்டும் சிரிக்கவில்லை. மேசைக்கடியில் அவன் விரல் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தது. தடித்த கோட்டுக்கு அழுத்தியது, மெல்லிய கோட்டுக்கு வருடியது. இவரிடம் படித்தவனில்லை, ஆனால் சுருக்கெழுத்து படித்த கை.

சூசைராஜ் அதைப் பார்த்துவிட்டார். "நம்ம சர்க்கார் மாதிரி சர்க்கார் உலகத்துலயே கிடையாது, பாய்!" என்றார், அவன் ஒரு சொல்லும் விடாமல் எழுத வசதியாக, வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி.

கடையில் சிரிப்பு நின்றது. அவர்மேல் இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. வாத்தியார் உளவாளியேதான்.