‘மதி’க்கு நான் சொல்லாத பொருள்

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் வகுப்பு மூடப்படக் காரணம் நான். அரசாங்கம் அல்ல, துரை அல்ல... நான்!

பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கிளார்க்கு. சொந்த ஊர் முதலமடை. தமிழும் மலையாளமும் எனக்கு ஒன்றுபோலத்தான். மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் பேச்சு சூடாக இருந்த ஐம்பதுகள் அவை. பள்ளியைப் பார்க்க வந்த கல்வி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்று என்னை அவருடன் அனுப்பினார்கள். மேடேறும்போது அவர் என் தோளில் கைபோட்டு, “தான் நம்முடெ ஆளல்லே!” என்றார். எனக்கு எப்படிக் குளிர்ந்துபோயிற்று தெரியுமா? அந்த மலையில் தமிழருக்கு நான் மலையாளத்தான்; மலையாளிகளுக்குப் பாண்டிக்காரன். என்னை ‘நம் ஆள்’ என்ற முதல் மனிதர் அவர்.

பள்ளி வாசலில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடியிருந்தார்கள். நான் மொழிபெயர்க்கக் காத்திராமல் அவர் நேராகவே கேட்டார்: “குட்டிகள்க்கு மலையாளம் மதியோ?”

பிள்ளைகளுக்கு மலையாளம் போதுமா என்று அர்த்தம். போதாது என்றால் தமிழ் வகுப்பு தங்கும். முன்னால் நின்ற அருளம்மாளோ, மலையாளத்தை மதிக்கிறாயா என்று புரிந்துகொண்டாள்.

“மதிக்காம இருப்போமாய்யா? நல்லா மதிக்கிறோம்” என்று கைகூப்பினாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அதிகாரியின் காதில் ‘மதி’ மட்டும் விழுந்தது. போதும் என்கிறார்கள் என்று திருப்தியாகத் திரும்பிவிட்டார்.

அவர்கள் சொன்னது அதுவல்ல என்று ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் அந்தக் கை என் தோளிலிருந்து இறங்கிவிடுமே என்று பயந்தேன். வேலை போகும் என்றுகூட அல்ல. நம்புவீர்களா?

விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்தபோது தமிழ் வாத்தியார் இல்லை. அருளம்மாளின் மகள் மரியம், ஒன்றும் புரியாத வகுப்பில் சில மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டாள். அந்த அதிகாரி பிறகு வரவேயில்லை. யாருடைய ஆளாகவும் இல்லாமல் நான் மட்டும் அங்கேயே இருந்தேன்.

ஒருநாள் அருளம்மாள் ஆபீசு வாசலில் வந்து நின்றாள்.

“மரியாதையாத்தானேய்யா பதில் சொன்னேன்? என்னாலதான் போச்சுன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் வையிறாக. நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?”

“தப்பா ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன். அதற்கு மேல் அப்போதும் எனக்கு வாய் வரவில்லை!

“நீங்க ஒருத்தராவது அப்படிச் சொன்னீகளே...” என்று என்னைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.